ஜெயசீலி வீட்டுப் பாரம்பரியச் சுவர்

“அக்கா, உன் வூட்ல மாலை போட்டுட்டு இருக்காங்க. சீக்கிரம் வா.”

பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹானின் போன் வந்தபோது ஜெயசீலி ஷூ கம்பெனியில் மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஒரு இடது கால் ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டிருந்தாள். மாலை என்ற சொல் காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது. வீட்டில் இருப்பது ஒரே ஆள். மாலை போட வேண்டுமென்றால் அவருக்குத்தான் போட வேண்டும்.

“ஐயோ, அவருக்கு இன்னாடி ஆச்சு?”

“அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. நல்லா உக்காந்து வேடிக்க பாத்துட்டு இருக்காரு. மாலை உன் பாத்ரூம் செவுத்துக்கு.”

சூப்பர்வைசரிடம் போய் ஜெயசீலி உள்ளதை உள்ளபடியே சொன்னாள். அவர் இருபது வருஷமாகப் பெண்கள் பர்மிஷன் கேட்பதைக் கேட்டவர். காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து, கேஸ் சிலிண்டர் எல்லாம் கேட்டிருக்கிறார். பாத்ரூமுக்கு மாலை போட்டுவிட்டார்கள் என்பதை இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார். மறு பேச்சில்லாமல் அனுப்பிவைத்தார்.

செங்கரைப்பேட்டை ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அதில் ஜெயசீலி குடியிருந்த தெருவுக்கு உப்புக்கிடங்குத் தெரு என்று பெயர். ஒரு காலத்தில் அங்கே தோல் பதனிடும் டேனரி ஒன்றின் உப்புக் கிடங்கு இருந்தது. டேனரி மூடியபின் கிடங்கை அறுத்து வரிசையாக வீடுகளாக்கிவிட்டார்கள். கிடங்கின் நீளமான சுவர் மட்டும் எல்லா வீடுகளுக்கும் நடுவே பொதுச் சொத்தாக ஓடியது. அதற்கு இந்தப் பக்கம் கூடம். அந்தப் பக்கம் பாத்ரூம். எத்தனை பெயிண்ட் அடித்தாலும் மழைக்காலத்தில் உப்புப் பூத்து உதிரும். அந்தத் தெருக்காரர்கள் அந்தச் சுவரைப் பற்றி அறிந்த வரலாறு அவ்வளவுதான்.

ஜெயசீலியின் கணவர் கிருபானந்தம் டேனரிகளுக்குப் பச்சைத் தோல் ஏற்றும் லாரி ஓட்டியவர். சர்க்கரை இருந்தது. காலில் ஒரு கொப்புளம் வந்தது. அது ஆறவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டு ஒரு வீல்சேரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீல்சேர் வீட்டில் எல்லா இடத்துக்கும் போனது, பாத்ரூமைத் தவிர. வாசலுக்கு நாலு விரல் அகலம் போதவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஜெயசீலி ஒரு பக்கமும் ரஃபத் ஒரு பக்கமும் தாங்கி, அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போவார்கள். சாயந்திரம் மறுபடியும். லாரியில் மலையேறி இறங்கிய மனிதர், பக்கத்து வீட்டுப் பெண் தன்னைப் பாத்ரூமுக்குத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

வாசலை அகலப்படுத்தத்தான் கொத்தனார் ஆதிகேசவனைக் கூப்பிட்டிருந்தாள். அவன் காலையில் வந்து பூச்சைக் கொத்தினான். உள்ளே பட்டையான பழைய செங்கல் தெரிந்தது. இன்னும் கொத்தினான். செங்கல் வரிசை வளைந்து போனது. அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் பேனர் கடை வைத்திருக்கிற அருணகிரி அந்தப் பக்கமாக வந்தார். வாசல் வழியாக எட்டிப் பார்த்தவர், “நிறுத்துடா!” என்று ஒரு கத்துக் கத்தினார். ஆதிகேசவன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டான். பாம்பு என்று நினைத்தானாம்.

அருணகிரி வெறும் பேனர் கடைக்காரர் மட்டும் அல்ல. செங்கரைப்பேட்டை தொன்மை காக்கும் தொண்டர் பேரவையின் பொதுச் செயலாளர்.

பேரவையில் தலைவர், செயல் தலைவர், கௌரவத் தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர்கள், கொள்கை பரப்பாளர் எல்லோரும் இருந்தார்கள். தொண்டர் பதவி மட்டும் ஆரம்பித்த நாளிலிருந்து காலியாக இருந்தது. சம்பளம் வாங்காமல் உழைக்கிறோம் என்பதை அவர்கள் மாதம் ஒருமுறை கூட்டம் போட்டுச் சொல்வார்கள். உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் நட்ட மைல்கல் ஒன்று நெடுஞ்சாலை ஓரம் அநாதையாகக் கிடந்தது. அதைப் பெயர்த்து, தங்க நிறப் பெயிண்ட் அடித்து, பாதுகாப்பாகத் தலைவர் வீட்டுக் கார் ஷெட் அருகே நட்டார்கள். அது இப்போதும் ஆம்பூர் ஐந்து மைல் என்று தலைவருடைய காருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பழைய படிப்பகத்தின் புத்தகங்களை யாரும் தொட்டுக் கெடுக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டார்கள். மனிதர்கள் தொடவில்லை. கரையான் தொட்டது. நூறு வயசுப் புங்கமரத்தைச் சுற்றி மூச்சுவிட இடமில்லாமல் சிமெண்ட் மேடை கட்டி, நிர்வாகிகளின் பெயரை டைல்ஸில் பதித்தார்கள். மரம் பட்டுப்போனதும் இரங்கல் கூட்டமும் அவர்களே நடத்தினார்கள். அதற்கு நல்ல கூட்டம்.

ஜெயசீலி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசல் நிறைய செருப்புகள். உள்ளே நிர்வாகிகள் வெறுங்காலோடு பாத்ரூம் முன் நின்றிருந்தார்கள். இந்த வீட்டில் பாத்ரூமுக்குள் போகும்போதுதான் செருப்புப் போடுவார்கள். ஜெயசீலி ஒன்றும் புரியாமல் தானும் செருப்பைக் கழற்றினாள்.

தலைவர் துரைசாமி கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பேசினாலும் கண்ணெதிரே மைக் இருப்பதுபோல் பேசுவார்.

“வாங்கம்மா. நீங்க பாக்கியசாலி. சாதாரணமா ஜனங்க வரலாறப் பாக்கப் போவாங்க. உங்க வீட்டுக்கு வரலாறே வந்து நிக்குது.”

“சார், அது பாத்ரூம் சார்.”

“இப்ப வரைக்கும்” என்றார் துரைசாமி.

அருணகிரி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கூடத்து மூலையில் வீல்சேரில் இருந்த கிருபானந்தத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். “அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்குங்க. வண்டி ரொம்பப் புதுசா இருக்கு. காலத்துக்குப் பொருந்தல.”

கிருபானந்தம் சக்கரத்தைத் தள்ளி அடுப்பங்கரைக்குள் போனார்.

தொல்லியல் துறைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் கடிதம் எழுதப்பட்டுவிட்டது, பதில் வரும்வரை சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, மீறினால் சட்டம் பாயும் என்று துரைசாமி அறிவித்தார். எந்தச் சட்டம் என்று கேட்க ஜெயசீலிக்குத் தோன்றவில்லை. ஆதிகேசவனுக்கும் தோன்றவில்லை. “கேஸு கீஸுன்னா நமக்கு எதுக்குக்கா பேஜாரு” என்று சொல்லிவிட்டுச் சாமான்களைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

மறுநாள் ‘பாரம்பரியச் சுவர்’ என்று போர்டு வந்தது. அதற்கடுத்து விதிகள் வந்தன. சுவரில் தண்ணீர் படக்கூடாது. சோப்பு நுரை படவே கூடாது. வெந்நீர் ஆவி காரைக்குக் கெடுதல் என்பதால் பச்சைத் தண்ணீரில் குளிப்பது நல்லது, குளிக்காமலிருப்பது இன்னும் நல்லது. உட்கார்ந்து நிதானமாகக் குளிக்கும்படி ஒரு நிர்வாகி ஜெயசீலியிடம் தனியாக வந்து கேட்டுக்கொண்டார். “உங்களுக்கு இது குளியல். எங்களுக்கு இது ஈரப்பதம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ‘பாரம்பரிய நடை’ ஆரம்பமானது. ஜெயசீலி சர்ச்சுக்குப் போகும் முன்னால் கிருபானந்தத்தைக் குளிப்பாட்டுகிற நேரம் அது. பாதி முதுகுக்கு சோப்புப் போட்டிருக்கையில் வெளியே அருணகிரியின் குரல் கேட்கும்: “இங்கே மௌனம் காக்கவும். உள்ளேயிருந்து வரும் நீரோசையைக் கவனியுங்கள். நம் முன்னோர் கேட்ட அதே ஓசை.” உள்ளே கிருபானந்தம் சொம்பைத் தண்ணீருக்குள் விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து, கதவுக்கு வெளியே கையை நீட்டி உறுதிமொழி எடுக்கவைத்தார்கள். அன்று அவர் ஒரு மணி நேரம் ஈரத் துண்டோடு உள்ளே இருந்தார்.

இதற்கிடையில் பேரவைக்குள்ளேயே சண்டை வந்தது. சுவர் வெள்ளைக்காரர் காலத்து டேனரிச் சுவர் என்பது தலைவர் கட்சி. இல்லை, அது நவாபு காலத்துக் கோட்டைச் சுவர், இங்கே நின்றுதான் பீரங்கி சுட்டார்கள் என்பது துணைத் தலைவர் கட்சி. இரண்டு கட்சியும் தனித்தனியே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். பீரங்கிக் கட்சிக்காரர் ஒருவர் கிருபானந்தத்தின் காலைப் பார்த்துவிட்டு, “இது யுத்தத்துல போனதா?” என்று ஆவலாகக் கேட்டார். கொப்புளம் என்றதும் அவருக்கு முகம் தொங்கிவிட்டது.

“அக்கா, நீயும் இவங்களுக்கு டீ போட்டுக் குடுத்துட்டே இரு” என்று ரஃபத் திட்டினாள். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பேச்சும் கத்தரிக்கோல் மாதிரி. “யார் வூட்டு பாத்ரூமுக்கு யாரு தலைவரு? நாலு விரல் இடிக்கிறதுக்குள்ள என்னமோ தாஜ்மஹாலை ஒடைக்கிற மாதிரி கத்துறாங்க. இடிச்சிப் போடு.”

“படிச்சவங்க சொல்றாங்க ரஃபத்து. முறையா கேட்டா குடுப்பாங்க.”

ஜெயசீலி முறையாகக் கேட்டாள். மாதக் கூட்டம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. கணவரையும் நேரில் பார்த்தால் மனம் இரங்குவார்கள் என்று ஆட்டோ வைத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

முதலில் தலைவர் செயலாளருக்குப் பொன்னாடை போர்த்தினார். செயலாளர் தலைவருக்குப் போர்த்தினார். பிறகு இருவரும் சேர்ந்து கௌரவத் தலைவருக்குப் போர்த்தினார்கள். சால்வைகள் குறைவாக இருந்ததால் போர்த்தியதை மடித்து அடுத்தவருக்குப் போர்த்த வேண்டியிருந்தது. எல்லோரும் எல்லோரையும் கௌரவித்து முடிந்ததும் ஜெயசீலியின் கோரிக்கை எடுக்கப்பட்டது. அவள் எழுந்து சொன்னாள்: வாசலை நாலு விரல் அகலப்படுத்தினால் போதும். செங்கல்லை உடைக்காமல் எடுத்து அவர்களிடமே கொடுத்துவிடுகிறேன். இவர் தானே போய் வருவார்.

துரைசாமி எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சகோதரியின் துயரத்தில் பேரவை பங்கு கொள்கிறது. முதற்கண், நம் அன்புச் சகோதரர் கிருபானந்தம் இழந்த காலுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்.”

எல்லோரும் எழுந்து நின்று தலைகுனிந்தார்கள். கிருபானந்தம் மட்டும் உட்கார்ந்திருந்தார். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்களோ என்று அவர் சங்கடத்தோடு மனைவியைப் பார்த்தார்.

மௌனம் முடிந்து துரைசாமி தொடர்ந்தார். உணர்ச்சி வந்ததால் மேடைத் தமிழ் கொஞ்சம் கழன்றுகொண்டது.

“ஆனா அம்மா, நாம கொஞ்சம் பெரிசா யோசிக்கணும். மனுஷன் இன்னைக்கு இருப்பான், நாளைக்குப் போயிடுவான். உங்க வீட்டுக்காரரையே எடுத்துக்குங்க. இவருக்கு அப்புறமும் இந்தச் செவுரு இருக்கணும். நாளைக்கு ஆராய்ச்சி பண்ற பசங்க வருவாங்க. ‘செவுரு எங்க?’ன்னு கேப்பாங்க. நாம பதில் சொல்லியாகணும். ‘கிருபானந்தம் எங்க?’ன்னு எவனும் கேக்கமாட்டான்.”

கைதட்டல் எழுந்தது. கிருபானந்தமும் பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இதைவிட ஒல்லியான வீல்சேர் கிடைக்கிறதா என்று பார்க்கும்படியும், அதுவரை அவர் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்குப் போய் வருவதற்குப் பேரவை ஆட்சேபம் தெரிவிக்காது என்றும் தீர்மானம் ஆனது. ஏகமனதாக.

அதற்கடுத்த வாரம் கிருபானந்தத்துக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கிப் போட்டது. ஜெயசீலியும் ரஃபத்தும் ஆட்டோவில் படுக்கவைத்து, ஆம்பூரில் வேன் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீர்ப் பாதையில் கிருமி என்றார்கள். சிறுநீரகம் வரைக்கும் ஏறப் பார்க்கிறது, சர்க்கரைக்காரருக்கு இது விளையாட்டு இல்லை என்றார் டாக்டரம்மா. பாகாயத்திலிருந்து டூட்டிக்கு வருகிற நர்ஸ் ஒருத்தி, கிறிஸ்டினா என்று பெயர், ஊசி போட்டுக்கொண்டே அதட்டினாள்.

“இன்னாங்கய்யா, தண்ணியே குடிக்கிறதில்லியா நீங்க?”

அவள் போனபின் ஜெயசீலி கேட்டாள்.

“குடத்துல தண்ணி வெச்சிட்டுத்தான போறேன்? ஏன் குடிக்கல?”

“குடிச்சா போவணும்” என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. “போவணும்னா யாராவது தூக்கணும். நீ கம்பெனில இருப்ப. அந்தப் பொண்ண எத்தன வாட்டி கூப்புடறது, அதுவும் செவுரு பாக்க வர்றவங்க முன்னால? அதான் சாயந்திரம் வரைக்கும் வாய நனைக்கிறதோட சரி.”

“எத்தன நாளா?”

“போர்டு மாட்டுன நாள்லேந்து.”

ஜெயசீலி வராந்தாவுக்கு வந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அவளுக்கு வந்தது கோபம். ஐம்பது வயசுவரை அவள் யாரிடமும் கோபப்பட்டதில்லை. சூப்பர்வைசர், கணவர், மாமியார், ரேஷன் கடைக்காரர் எல்லோரிடமும் தலையாட்டியே காலம் போயிருந்தது. அதனால் கோபம் வந்ததும் அதை என்ன செய்வதென்று உடனே தெரியவில்லை. கேன்டீனில் போய் நாலு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிக்கும்போது தெரிந்துவிட்டது.

அவர்கள் வீடு திரும்பிய வாரம் பேரவையின் பாரம்பரிய வார விழா. உப்புக்கிடங்குத் தெருவில் ஷாமியானா போட்டார்கள். நிர்வாகிகள் எல்லோரும் கைகூப்பிச் சிரிக்கிற மிகப்பெரிய பேனர் ஒன்றை அருணகிரி ஜெயசீலி வீட்டு வாசலிலேயே கட்டினார். அதன் மூலையில், போஸ்ட் கார்டு அளவுக்குச் சுவரின் படமும் இருந்தது. கூடத்தில் மேஜை போட்டுச் சிறு கண்காட்சி வைத்தார்கள். ஆதிகேசவன் விட்டுப்போன கடப்பாரை, சுத்தி, உளி மூன்றையும் வெல்வெட் துணிமேல் அடுக்கி ‘சுவரைத் தாக்கிய ஆயுதங்கள்’ என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். பாத்ரூம் வாசலில் குறுக்கே சிவப்பு ரிப்பன்.

சிறப்பு விருந்தினர் சென்னையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏலகிரியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். மாலை நாலு மணி விழா என்று அழைப்பிதழ் சொன்னது. நாலரைக்கு, ஐயா மலையிலிருந்து கிளம்பிவிட்டார் என்று மைக்கில் சொன்னார்கள்.

கிருபானந்தம் டாக்டரம்மா சொன்னபடி தண்ணீர் குடித்திருந்தார். சத்தமில்லாமல் மனைவியின் புடவையைத் தொட்டார்.

“போவணும்.”

ஜெயசீலி வீல்சேரைப் பாத்ரூம் பக்கம் திருப்பினாள். துரைசாமி குறுக்கே வந்துவிட்டார்.

“அம்மா, அம்மா! ரிப்பன் கட்டியிருக்கு பாருங்க. ஐயா வந்து வெட்டறதுக்கு முன்னால யாரும் உள்ள போகக் கூடாது.”

“அவசரம் சார்.”

“எங்களுக்கு மட்டும் அவசரம் இல்லியா? மூணு மாசமா காத்திருக்கோம். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க. ஐயா மலையிறங்கிட்டாரு.”

அவர் பொறுத்துக்கொண்டார். வரவேற்புப் பாட்டு பாடினார்கள். ஐயா வாணியம்பாடி தாண்டிவிட்டார் என்று மைக் சொன்னது. கிருபானந்தத்தின் நெற்றியில் வேர்வை பூத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, “ரஃபத்து வூட்டுக்குப் போய்டலாமா?” என்றார். அங்கேயும் அதே சுவர், அதே வாசல். வெளியே தெரு முழுக்கக் கூட்டம். ஐயா வழியில் ஒரு டீ சாப்பிட நிறுத்தியிருக்கிறார் என்று மைக் மறுபடியும் சொன்னது.

ஜெயசீலி தன் கைப்பையைத் திறந்தாள். கம்பெனியில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி அதில் இருந்தது. ரிப்பனுக்கு அது தாராளம்.

“ஐயோ, வெட்டிட்டாங்க!” என்றார் அருணகிரி. “அம்மா, போட்டோகூட எடுக்கல!”

அவள் மேஜைக்குப் போய் வெல்வெட் துணிமேல் இருந்த கடப்பாரையை எடுத்தாள். சீட்டு அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. துரைசாமி கைகளை விரித்துக்கொண்டு சுவரின் முன்னால் நின்றார்.

“வேணாம்மா! இது தலைமுறைகளோட சொத்து! பேரவைத் தீர்மானம் இல்லாம இந்தச் செவுத்துமேல ஒரு கீறல் விழக்கூடாது!”

“நவுருங்க சார்.”

“நாளைக்கு வர்றவங்க ‘செவுரு எங்க?’ன்னு கேப்பாங்க. நாங்க என்ன பதில் சொல்றது?”

“எனக்கு அது தெரியாது சார். ‘கிருபானந்தம் எங்க?’ன்னு எவனும் கேக்கமாட்டான்னு சொன்னீங்க. நான் கேப்பேன். இருபத்தேழு வருஷமா தெனம் கேட்டுட்டு இருக்கேன். இன்னிக்கும் கேக்கறேன். அவரு இங்க இருக்காரு, அவருக்கு அவசரமா போவணும், நீங்க வழில நிக்கிறீங்க. நவுருங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் பக்கத்தில் மைக் இருந்ததால் தெரு முழுக்கக் கேட்டது. ஷாமியானாவில் உட்கார்ந்திருந்த கம்பெனிப் பெண்கள் எழுந்து உள்ளே வந்தார்கள். ரஃபத் சுத்தியை எடுத்துக்கொண்டாள். துரைசாமி ஒரு பக்கமாக ஒதுங்கினார்.

ஜெயசீலி ஓங்கி அடித்தாள். காரை தெறித்தது. இன்னொரு அடி. அதற்குள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஆதிகேசவன் ஓடிவந்தான். கேஸுக்குப் பயந்தவன்தான். ஆனால் ஒரு கடப்பாரையை யாரோ தப்பாகப் பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. “தள்ளுக்கா, தள்ளு. இப்படி நெம்பணும்” என்று வாங்கிக்கொண்டான். நெம்பினான். ஒரு பெரிய துண்டு மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. இவ்வளவு லேசாக விழும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

தூசி அடங்கியபின் பார்த்தார்கள். விழுந்தது பழைய சுவரே இல்லை. பிற்பாடு யாரோ அரைகுறையாக வைத்து அடைத்த செங்கல். அதற்குமேல் பழைய கட்டு ஒரு கீறலும் இல்லாமல் அழகாக வளைந்து நின்றது. உப்பு மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி போய்வர, அந்தக் காலத்தில் வைத்த அகலமான வாசல் அது. இத்தனை நாளாகப் பேரவை மாலை போட்டுக் காத்தது வாசலை அடைத்த அடைப்பை.

அதையெல்லாம் யோசிக்கக் கிருபானந்தத்துக்கு நேரமில்லை. செங்கல்லைக் கம்பெனிப் பெண்கள் வாரி ஒதுக்க, அவர் சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு, எந்தப் பக்கமும் இடிக்காமல், வளைவுக்குக் கீழே உள்ளே போனார். யாரும் தூக்கவில்லை.

அடைப்போடு கதவும் பெயர்ந்துவிட்டதால் இப்போது கதவு இல்லை. ரஃபத் வெளியே ஓடி, வாசலில் கட்டியிருந்த பேனரை அறுத்துக் கொண்டுவந்து திரையாகக் கட்டினாள். உடனே உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“ரஃபத்து! திருப்பிக் கட்டும்மா! இவங்க எல்லாரும் என்னையே பாத்துச் சிரிக்கிறாங்க!”

அவள் திருப்பிக் கட்டினாள்.

சிறப்பு விருந்தினர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். தூசியையும் செங்கல்லையும் கடப்பாரையோடு நிற்கும் பெண்களையும் பார்த்தார். எதையும் விசாரிக்கவில்லை. அவருக்கும் வயசு எழுபதுக்கு மேல். சர்க்கரை உண்டு. கொண்டைஊசி வளைவுகளில் இறங்கி வந்தவர், வழியில் டீயும் குடித்தவர். துரைசாமியின் காதில் ஏதோ கேட்டார்.

“ஐயா, அது... நினைவுச் சின்னம் ஐயா” என்றார் துரைசாமி பரிதாபமாக.

ஐயா ஜெயசீலியைப் பார்த்தார். அவளுக்கு அந்த முகம் நன்றாகத் தெரிந்த முகம். சற்றுமுன்தான் தன் வீட்டுக்காரரிடம் பார்த்தது.

“அவரு வந்துரட்டும் சார். அடுத்தது நீங்க போலாம்” என்றாள்.

ஐயா பேனரில் கைகூப்பிச் சிரிக்கிற நிர்வாகிகளைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் கௌரவத் தலைவரும் நின்றுகொண்டார். ஐயா திரும்பி வந்து மைக் முன்னால் ஆற்றிய உரை மிகச் சுருக்கமானது. “ரொம்ப வசதியா இருக்கு. ஏற்பாடு பண்ணின பேரவைக்கு நன்றி” என்றார். அந்த விழாவில் மனமாரப் பேசப்பட்ட பேச்சு அது ஒன்றுதான்.

மறுநாள் பேப்பரில் ‘பேரவையின் அகழாய்வில் பழங்கால வளைவு கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தது. துரைசாமி கடப்பாரையோடு நிற்கும் படம் போட்டிருந்தார்கள். அதைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். அன்று அவர் கடப்பாரையைத் தொடவில்லை.

அந்த வாரக் கடைசியில் துரைசாமியும் அருணகிரியும் ஒரு சால்வையோடு வந்தார்கள். அகழாய்வுக்கு ஒத்துழைத்ததற்காக ஜெயசீலியைப் பாராட்டினார்கள். பாராட்டி முடித்துத் தொண்டையைச் செருமினார்கள். வளைவு மிக அபூர்வமானது. அதற்கு ஒரு கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டால் நல்லது. சாவி பேரவையிடம் பத்திரமாக இருக்கும். புதிய போர்டும் ஒன்று வைக்க வேண்டும்.

ஜெயசீலி சால்வையை வாங்கி மடித்தாள். குளிர்காலத்தில் அவருக்கு ஆகும்.

“கம்பிக் கதவு வாணாம் சார். ஆதிகேசவன்கிட்ட மரக் கதவு சொல்லியாச்சு, தாழ்ப்பா உள்பக்கம். போர்டு வேணா வெச்சிக்குங்க. ஆனா வாசகம் நான் சொல்றதுதான்.”

அருணகிரி உற்சாகமாகப் போனை எடுத்து எழுதத் தயாரானார்.

“உள்ளே ஆள் இருக்கிறார். வெளியே நிற்கவும்” என்றாள் ஜெயசீலி.

அருணகிரி எழுதியதைத் துரைசாமி இரண்டு தடவை படித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“இதுல எங்க பேரவை எங்கம்மா வருது?”

“ரெண்டாவது வரியில சார்” என்றாள் அவள்.